இடது கைக்கு ஒரு துப்பாக்கி

பீஸ் ரிவருக்கு வடக்கே, ஆல்பர்ட்டா
ஜனவரி 9, 2022

அக்காவுக்கு,

நான்தான், ஓரெஸ்ட். கையெழுத்தைப் பார்த்து வேறு யாரோ என்று நினைக்காதே. இப்போதெல்லாம் இடது கையால்தான் எழுதுகிறேன். போனில் பேசினால் மூன்றாவது வாக்கியத்தில் நம் இருவரில் ஒருவர் வைத்துவிடுவோம். அதனால் கடிதம்.

நீ கேட்டது உனக்குக் கிடைத்துவிட்டது. துப்பாக்கித் தடை ஆணை வந்து இருபது மாதம் ஆகிறது. என் அரைத்தானியங்கித் துப்பாக்கி அந்தத் தடைப் பட்டியலில் இருக்கிறது. இரும்பு அலமாரியில் பூட்டி வைத்திருக்கிறேன். சுடவும் கூடாது, விற்கவும் கூடாது. வலது கை விரல்கள் போன பிறகு என்னால் ஒழுங்காகச் சுட முடிந்த ஒரே துப்பாக்கி அதுதான். விசையை இழுத்தால் போதும், அடுத்த தோட்டா தானாக ஏறிக்கொள்ளும். மற்ற எல்லாவற்றுக்கும் இரண்டு கை வேண்டும்.

இப்போது நூற்றெண்பது ஆடுகளுக்குக் காவல் இரண்டு நாய்களும் முயல் சுடும் சின்ன ரைபிளும்தான். நரிக்கு அது போதும். ஓநாய்க்குப் போதாது. டிசம்பரில் மட்டும் ஏழு ஆடு போயிற்று. ஏழும் சினை ஆடு.

வேறு ஏதாவது வாங்கத்தான் வேண்டும். ஊரில் கடை வைத்திருக்கும் லாய்டிடம் போனேன். "போல்ட் ரைபிள் வாங்கிட்டுப் போயேன்ப்பா. நாட்டுல பாதிப் பேரு அதைத்தானே வெச்சிருக்கான்" என்றான். ஒவ்வொரு குண்டுக்கும் போல்ட்டின் பிடியைக் கையால் தூக்கி இழுத்துத் தள்ள வேண்டுமே என்று கையுறையைக் கழற்றிக் காட்டினேன். குனிந்து பார்த்தான். பிறகு, "பேசாம ஆட்டை வித்துட்டுக் கோழி வளர்த்துடு ஓரெஸ்ட்" என்றான். கடையில் இருந்த எல்லோரும் சிரித்தார்கள். நானும் சிரித்துவிட்டு வந்தேன்.

ஒட்டாவாவில் அந்த நாடாளுமன்றக் குழுவின் முன்னால் நீ பேசியதை நான் பார்த்தேன். ஊரே பார்த்தது. "என் மகளைக் கொன்ற அதே ரகத் துப்பாக்கி என் தம்பியின் வண்டியிலும் இருந்தது" என்று சொன்னாய். மறுநாள் தீவனக் கடையில் ஒருவன், "உங்க அக்கா டிவியில உன்னைப் பத்தித்தான்ப்பா பேசினாங்க" என்றான். நான் அவனுக்கு என்ன பதில் சொல்லியிருக்க வேண்டும்?

நம் வீட்டில் நன்றாகச் சுடுகிறவள் நீ. அப்பா அதைச் சொல்லிச் சொல்லியே என்னை வெறுப்பேற்றுவார். எல்லா வகைத் துப்பாக்கியும் உனக்குத் தெரியும். பறித்தவளே பதிலும் சொல்லட்டும். நான் எதை வாங்க?

ஓரெஸ்ட்


ஹார்ட்வெல், ஒன்டாரியோ
ஜனவரி 24, 2022

ஓரெஸ்ட்,

உன் கடிதத்தை மூன்று முறை படித்தேன். நீ என்னைக் குத்துவதற்காகத்தான் அந்தக் கேள்வியைக் கேட்டிருக்கிறாய் என்று முதல் முறை நினைத்தேன். மூன்றாவது முறையும் அப்படித்தான் தோன்றியது.

எந்தத் துப்பாக்கி நல்லது என்று யாருக்கும் நான் சொல்வதாக இல்லை. அந்தப் பேச்சை என் வாயில் இனி வைத்துக்கொள்ள முடியாது.

என் ரொக்சானா காலணிக் கடையில் வேலைக்குச் சேர்ந்து பதினொரு நாள் ஆகியிருந்தது. சனிக்கிழமை பிற்பகல். ஒரு பெரியவருக்குக் காலணி மாட்டிவிட மண்டியிட்டிருந்தாள். அந்தப் பையன் தன் அப்பாவின் அலமாரியிலிருந்து எடுத்துவந்த துப்பாக்கி அவள் நிமிர்ந்து பார்க்கக்கூட நேரம் கொடுக்கவில்லை என்றார்கள். செத்தது மூன்று பேர். எல்லாம் முடிய ஒரு நிமிடம் ஆகவில்லையாம்.

அவளைக் குழியில் இறக்கி இருபது நிமிடம்கூட ஆகியிருக்காது. எனக்குக் குளிரில் உடம்பு நடுங்கியது. போர்வை எடுக்க உன் வண்டிக்கு வந்தேன். கதவைத் திறந்தால், இருக்கைக்குப் பின்னால் அது படுத்திருந்தது. அதே கறுப்பு, அதே வடிவம். "மறந்துட்டேன்க்கா. எப்பவும் வண்டியிலேயே கிடக்கும்" என்றாய். என் மகளின் அடக்கத்துக்கு வரும்போது அதை மறக்க முடிந்த ஒருவனோடு எனக்குப் பேச்சில்லை என்று அன்று முடிவு செய்தேன். குழுவின் முன் நான் சொன்னது நடந்ததுதான். உன் பெயரைச் சொல்லவில்லை. அதை ஊர் கண்டுபிடிக்கும் என்று யோசித்திருக்க வேண்டும். யோசிக்கவில்லை.

இன்னொன்று. 2019 ஆகஸ்டில் வைக்கோல் கட்டும் இயந்திரத்தில் உன் கை மாட்டியது என்று சித்தி மகள் கிறிஸ்துமஸ் வாழ்த்து அட்டையில் எழுதித்தான் எனக்குத் தெரியும். நான் செய்கிற வேலை உனக்குத் தெரியும். முப்பது வருடமாக இந்த மருத்துவமனையில் முகம் தெரியாதவர்களின் அடிபட்ட கைகளைப் பிடித்து மடக்கவும் நீட்டவும் பழக்குகிறேன். உனக்காக நான்கு முறை போனை எடுத்தேன். நான்கு முறையும் வைத்துவிட்டேன்.

எந்த விரல்கள்? கேட்க எனக்கு உரிமை இல்லை என்று நினைத்தால் பதில் எழுதாதே.

ஹல்யா


பிப்ரவரி 6, 2022

அக்கா,

கட்டை விரல், ஆள்காட்டி விரல், நடுவிரல். மூன்றும் அடியோடு. மோதிர விரல் நன்றாக மடங்கும். சுண்டு விரல் பாதி மடங்கும், குளிரில் அதுவும் இல்லை. பயிற்சிக்கு என்று டாக்டர் ஒரு ரப்பர் பந்து கொடுத்தார். இரண்டாம் நாள் ஸிர்கா அதைத் தூக்கிக்கொண்டு போய்விட்டாள். பெரிய வெள்ளை நாய், நீ பார்த்ததில்லை. பந்தை அவளிடமிருந்து வாங்க எனக்கு மனமில்லை.

நீ சொல்ல மாட்டாய் என்றால் விடு. பக்கத்துப் பண்ணை வெண்டெல் தன் போல்ட் ரைபிளை இரவலாகக் கொடுத்திருக்கிறான். வலது கைக்காரனுக்குச் செய்தது. எப்படியோ சமாளிக்கிறேன்.

ஓரெஸ்ட்


பிப்ரவரி 20, 2022

அக்கா,

பதிலுக்குக் காத்திராமல் எழுதுகிறேன். யாரிடமாவது சொல்லியாக வேண்டும். வெண்டெலிடம் சொல்ல முடியாது, அவனுடைய துப்பாக்கி.

வியாழக்கிழமை காலை எட்டரை மணி. அப்போதுதான் வெளிச்சம் வந்திருந்தது. கிழக்கு வேலிப் பக்கம் நாய்கள் குரைத்த விதமே வேறாக இருந்தது. போய்ப் பார்த்தால் மூன்று ஓநாய்கள். ஸிர்கா ஆடுகளுக்கும் அவற்றுக்கும் நடுவில் நின்றிருந்தாள். நான் போய்ச் சேர்வதற்குள் அவள் கீழே கிடந்தாள். மற்ற நாய் ஆடுகளோடு ஒட்டிக்கொண்டு நின்றது.

வேலிக் கம்பத்தில் துப்பாக்கியைச் சாய்த்து, இடது தோளில் வைத்துச் சுட்டேன். பட்டது. ஆனால் தாழ்வாக, வயிற்றில். அடுத்த தோட்டா ஏற்ற வேண்டும் என்றால் போல்ட் வலது பக்கத்தில் இருக்கிறது. என் வலது கையால் அதைப் பிடிக்க முடியாது. துப்பாக்கியைத் தோளிலிருந்து இறக்கி, இடது கையை மேலே சுற்றிக் கொண்டுபோய், தூக்கி, இழுத்து, தள்ளி, மறுபடியும் தோளில் வைத்துப் பார்த்தால் பனியில் ரத்தம் மட்டும்தான் இருந்தது.

அப்படியே விட்டுவிட முடியுமா? மூன்று மணி நேரம் தடத்தைப் பிடித்துப் போனேன். தொடை அளவு பனி. ஓடையைத் தாண்டி ஒரு ஊசியிலை மரத்தடியில் படுத்திருந்தது. எழுந்திருக்க முயற்சி செய்யவில்லை. என்னையே பார்த்துக்கொண்டிருந்தது. கிட்டே போய், முதுகில் தொங்கவிட்டிருந்த சின்ன ரைபிளால்தான் முடித்தேன். ஒன்றில் முடியவில்லை, இரண்டு வேண்டியிருந்தது. என் ஆயுளில் ஒரு பிராணியை அப்படித் தவிக்க விட்டதில்லை. அது என் நாயைக் கொன்றதுதான். இருந்தாலும்.

திரும்பி நடக்கும்போது எனக்கு உன்மேல்தான் கோபம். என்னுடையது கையில் இருந்திருந்தால் இரண்டாவது குண்டு அரை விநாடியில் போயிருக்கும், அது துடித்திருக்காது. இதையே சொல்லிக்கொண்டு நடந்தேன். அரை விநாடி, அரை விநாடி என்று. ஓடைக்கு இந்தப் பக்கம் வந்ததும் கால் நின்றுவிட்டது. அந்தக் காலணிக் கடையில் அந்தப் பையனுக்கும் அதே அரை விநாடிதானே வாய்த்தது. இத்தனை நாள் இது எனக்குத் தெரியாதா என்ன? தெரியும். ஆனால் அன்றுதான் அது உடம்பில் இறங்கியது.

ஸிர்காவைப் புதைக்க முடியவில்லை. நிலம் கல்லாக உறைந்திருக்கிறது. கொட்டகையில் துணி சுற்றி வைத்திருக்கிறேன்.

எதை வாங்குவது என்று இந்த முறை குத்துவதற்காகக் கேட்கவில்லை.

ஓரெஸ்ட்


ஹார்ட்வெல்
மார்ச் 8, 2022

அன்புள்ள ஓரெஸ்ட்,

நேற்று துப்பாக்கிக் கடைக்குப் போனேன்.

இந்த ஊரில் போகவில்லை. நாற்பது நிமிடம் ஓட்டிக்கொண்டு வேறு ஊருக்குப் போனேன். வண்டியிலேயே உட்கார்ந்து என் வலது கையின் மூன்று விரல்களையும் மடக்கி, உள்ளங்கையோடு சேர்த்து ஒட்டுநாடா சுற்றினேன். மோதிர விரலை மட்டும் விட்டேன். சுண்டு விரலைப் பாதி மடங்கும்படி சிம்புக் குச்சி வைத்துக் கட்டினேன். எங்களிடம் பயிற்சிக்கு வரும் மாணவர்களை இப்படித்தான் ஒரு நாள் முழுவதும் இருக்கச் சொல்வோம், நோயாளியின் பாடு புரியட்டும் என்று.

கதவைத் திறந்ததும் எண்ணெய் வாசனை. திரும்பி வந்து வண்டியில் உட்கார்ந்துவிட்டேன். பத்து நிமிடம். பிறகு மறுபடியும் போனேன்.

கடையில் இருந்தது ஒரு பெண், பெயர் பெர்னிஸ். என் வயதிருக்கும்.

"யாருக்குங்க? உங்களுக்கா?"

"தம்பிக்கு. அவனுக்கு வலது கை இப்படித்தான் இருக்கு. அதான் கட்டிக்கிட்டு வந்தேன்."

அவள் என் கையைப் பார்த்தாள். வேறு எதுவும் கேட்காமல் வரிசையாக எடுத்து வைத்தாள். எல்லாவற்றையும் காலி என்று திறந்து காட்டிவிட்டுத்தான் கொடுத்தாள்.

இனி நீ கவனமாகப் படி.

பம்ப் ரைபிள் உனக்கு ஆகாது. குழாய்க்கு அடியில் இருக்கும் முன்கட்டையை இறுகப் பிடித்து இழுத்துத் தள்ள வேண்டும். ஒரு விரலால் முடியாது. இரண்டாம் முறையே வழுக்கிவிட்டது. ஒற்றைத் தோட்டா ரைபிளும் வேண்டாம். ஒவ்வொரு முறையும் துப்பாக்கியை மடக்கி, பையைத் துழாவி, ஒரு தோட்டாவை எடுத்துப் போட வேண்டும். பனியில் கீழே விழுந்தால் தேட வேண்டியதுதான்.

லீவர் ரைபிளைத்தான் நான் மனதில் வைத்துக்கொண்டு போனேன். இடது, வலது என்ற பேதம் அதற்கு இல்லை. விசையை இழுக்கும் கையே, விசைக்குக் கீழே இருக்கும் லீவரையும் இறக்கி ஏற்றும். வேகமாகவும் இருக்கும். ஆனால் லீவரை இறக்கும்போதெல்லாம் குழாய் கீழே சாய்கிறது. முன்னால் தாங்கும் கைக்குப் பிடி இல்லை. அதைவிட முக்கியம், சுடாமல் நிறுத்த நினைத்தால், பழைய ரகங்களில் தோட்டாவை அடிக்கும் சுத்தியலைப் பெருவிரலால் தாங்கி மெல்ல இறக்க வேண்டும். உறைந்துபோன ஒற்றைக் கையால் அதைச் செய்யும்போது வழுக்கினால்? நீ தனியாக இருக்கிறாய். வேண்டாம்.

"இடது கைப் போல்ட் ஒண்ணு இருக்குங்க. ரெண்டு வருஷமா யாரும் கேட்கல" என்று பெர்னிஸ் உள்ளேயிருந்து கொண்டுவந்தாள். போல்ட் இடது பக்கத்தில் இருக்கிறது. வெண்டெலுடையதில் நீ பட்ட பாடு இதில் இல்லை. குழாயை ஒரு தாங்கியில் வைத்துக்கொண்டால் கன்னத்தை எடுக்காமலே இடது கையால் ஏற்ற முடிகிறது. காலித் துப்பாக்கியை வைத்து இருபது முறை செய்தேன். அவள் கடிகாரம் பார்த்தாள். இரண்டரை விநாடி. அதற்குக் குறையவில்லை.

அதைத்தான் வாங்கு. குட்டையான குழாய், கனம் குறைவானது. குழாயை வைத்துக்கொள்ள நுனியில் கவை போட்ட தாங்கு கோல் ஒன்றும் வாங்கு. உன் வலது முன்கையில் மாட்டிக்கொள்ள ஒரு தோல் பட்டை எங்கள் மருத்துவமனைப் பட்டறையில் செய்யச் சொல்லியிருக்கிறேன். துப்பாக்கியின் முன்வளையத்தில் அது கொக்கியாக மாட்டும், ஒரே இழுப்பில் கழன்றும் வரும். உன் முன்கையின் சுற்றளவை மணிக்கட்டிலிருந்து நான்கு விரல் மேலே அளந்து உடனே எழுது.

இரண்டரை விநாடி நீண்ட நேரம் என்று நீ சொல்வாய். ஆமாம். அதற்குள் ஓநாய் ஓடிவிடும். ஓடட்டும். முதல் குண்டு சரியாகப் படும் என்று தெரிந்தால் மட்டும் சுடு. சந்தேகமாக இருந்தால் சுடாதே, கத்து, தகரத்தைத் தட்டு. அப்பா எனக்குச் சொல்லிக்கொடுத்தது இவ்வளவுதான். வேறு வித்தை எதுவும் இல்லை.

நாடாவைப் பிரிக்க ஒரு கையால் சிரமப்பட்டேன். பெர்னிஸ் வந்து பிரித்துவிட்டாள். என் முகத்தைப் பார்க்காமலே கேட்டாள்:

"டிவியில வந்தீங்களே… அது நீங்கதானே?"

"ஆமா."

"எங்க கடையில மூணுல ஒரு பங்கு சரக்கு, தடை வந்த அன்னைக்கே போச்சு."

"என் மேல கோவமா?"

"இருந்துச்சு" என்றாள். நாடாவை முழுதாகப் பிரித்துச் சுருட்டிக் குப்பையில் போட்டாள். "உங்க பொண்ணு பேரு என்னங்க?" என்று கேட்டாள். சொன்னேன். அவள் ஒருமுறை அந்தப் பெயரைச் சொல்லிப் பார்த்துக்கொண்டாள்.

ஸிர்காவுக்காக வருந்துகிறேன்.

ஹல்யா


மார்ச் 27, 2022

அன்புள்ள அக்கா,

அளவை எழுதி அனுப்பிய வேகத்திலேயே பட்டை வந்துவிட்டது. அளவு சரியாக இருக்கிறது. நீ சொன்னதையே லாய்டிடம் வரவழைத்துத் தரச் சொன்னேன். "யார்டா உனக்கு இவ்வளவு விவரமா எழுதிக் கொடுத்தது?" என்றான். "எங்க அக்கா" என்றேன். கடையில் இருந்தவர்கள் ஒருவரை ஒருவர் பார்த்துக்கொண்டார்கள். யாரும் சிரிக்கவில்லை.

நூறு மீட்டரில் பத்துக்கு எட்டு குண்டு, சின்னத் தட்டு அளவு வட்டத்துக்குள் விழுகிறது. போன புதன்கிழமை ஓநாய்கள் வந்தன. ஒன்று தெளிவாக நின்றது. அதன் பின்னால் என் ஆடுகள் இருந்தன. சுடவில்லை. தகரத்தைத் தட்டினேன். போய்விட்டன. மறுபடியும் வரும், தெரியும்.

பழைய அரைத்தானியங்கியை வெள்ளிக்கிழமை காவல் நிலையத்தில் ஒப்படைத்துவிட்டேன். முன்கூட்டியே போன் செய்து, அவர்கள் சொன்னபடி கொண்டுபோனேன். அங்கிருந்த இளம் பெண் அதிகாரி, "இன்னும் கெடு இருக்கே சார், எதுக்கு அவசரம்?" என்றாள். "வீட்டுல வெச்சிருக்க முடியலம்மா" என்றேன். சட்டத்துக்காக என்று அவள் நினைத்திருப்பாள். அது இல்லை. அதை உன்னிடம் சொல்லத்தான் இந்தக் கடிதம். நான்கு தாள் கிழித்துப் போட்டாயிற்று.

அன்று நான் மறக்கவில்லை.

ரொக்சானாவின் அடக்கத்துக்கு மூவாயிரத்து அறுநூறு கிலோமீட்டர் நான்கு நாள் ஓட்டிக்கொண்டு வந்தேன். விமானம் எனக்கு ஆகாது என்று சொன்னேன். நீயும் நம்பினாய். நான் கிளம்புவதற்கு முதல் நாள் நீ போனில் சொன்னது உனக்கு ஞாபகம் இருக்கிறதா? "அந்தப் பையனோட அப்பா தூரத்துல நின்னு பார்க்கட்டுமான்னு ஆள் மூலமா கேட்டிருக்கார்டா. வேணாம்னு சொல்லக்கூட எனக்குத் தெம்பில்ல" என்றாய். போனை வைத்தேன். அலமாரியைத் திறந்தேன்.

நான்கு நாளும் நான் ஒன்றையும் யோசிக்கவில்லை. ஓட்டினேன், பெட்ரோல் போட்டேன், ஓட்டினேன்.

அந்தப் பையனின் அப்பா வந்தார். நீ பார்த்தாயா என்று தெரியாது. கல்லறை வேலிக்கு வெளியே, தொப்பியைக் கையில் பிடித்துக்கொண்டு நின்றார். பாதிரியார் கடைசி வரியைச் சொன்னதும் நான் வண்டியை நோக்கி நடந்தேன். நீ போர்வைக்காக எனக்கு முன்னால் போய்விட்டாய். பத்தடி இருக்கும். நீதான் கதவைத் திறந்தாய்.

நீ போட்ட கூச்சலில் எல்லோரும் திரும்பினார்கள். அவரும் பார்த்தார். தன்னைத்தான் திட்டுகிறாய் என்று நினைத்திருப்பார் போலிருக்கிறது. தலையைக் குனிந்துகொண்டு போய்விட்டார். நான் உன்னிடம், "மறந்துட்டேன்க்கா" என்றேன்.

நீ முன்னால் போகாமல் இருந்திருந்தால் நான் என்ன செய்திருப்பேன்? ஒன்றும் செய்திருக்க மாட்டேன் என்று எனக்கு நானே எத்தனையோ முறை சொல்லிப் பார்த்துவிட்டேன். ஒருமுறைகூட நான் அதை நம்பவில்லை. நான் நல்லவன், ஆட்டுக்காரன், என் துப்பாக்கியால் யாருக்கும் ஆபத்தில்லை என்று ஊரில் இத்தனை வருடம் வாதாடினேன். ஒட்டாவாவில் நீ பேசியது எனக்கு ஏன் அப்படி எரிந்தது என்று இப்போது தெரிகிறதா? நீ சொன்னது குறைவு. அதற்குமேல் இருந்தது எனக்குத்தான் தெரியும்.

இதைப் படித்த பிறகு நீ எழுதாவிட்டால் புரிந்துகொள்வேன்.

உன் தம்பி
ஓரெஸ்ட்


ஹார்ட்வெல்
ஏப்ரல் 9, 2022

ஓரெஸ்ட்,

கடிதத்தைச் சமையலறையில் நின்றுகொண்டே படித்தேன். படித்துவிட்டு வேலைக்குப் போனேன். ஏழு பேருடைய கைகளைப் பார்த்தேன். யாருக்கு என்ன செய்தேன் என்று நினைவில்லை. நான்கு நாள் உன்னை வெறுத்தேன். உன்னிடம் மறைக்கவில்லை.

ஐந்தாம் நாள் பயம் வந்தது. அன்று எனக்குக் குளிராமல் இருந்திருந்தால்? யாராவது தன் கோட்டைக் கழற்றி எனக்குக் கொடுத்திருந்தால்? நீ இன்று சிறையில் இருந்திருப்பாய். அவர் மண்ணுக்குள் இருந்திருப்பார். என் மகளின் அடக்க நாள் அதற்காகத்தான் எல்லோருக்கும் நினைவிருந்திருக்கும். அவள் பெயரை யாரும் சொல்லியிருக்க மாட்டார்கள்.

அவரை நானும் பார்த்தேன். வேலிக்கு வெளியே நின்றதை. துப்பாக்கி அலமாரிச் சாவியை மேசை இழுப்பறையில் போட்டு வைத்த மனிதர். அவரால் யாருக்கும் ஆபத்து வரும் என்று யாரும் நினைத்திருக்க மாட்டார்கள். அவர் மகனைக்கூட அப்படி நினைத்திருக்க மாட்டார்கள். நேற்று அவருக்கு ஒரு கடிதம் எழுதினேன். உன்னைப் பற்றி ஒரு வார்த்தை இல்லை, அது நம்மோடு இருக்கட்டும். எப்படி இருக்கிறீர்கள், சாப்பிடுகிறீர்களா என்று மட்டும் கேட்டேன். பதில் வராமல் போகலாம்.

மன்னிப்பு என்று நீ கேட்கவில்லை. நானும் எழுதப்போவதில்லை. அது வந்தால் உன் முகத்தைப் பார்த்துத்தான் சொல்வேன், வராவிட்டாலும் பார்த்துத்தான் சொல்வேன்.

மூன்று வாரம் விடுப்புப் போட்டிருக்கிறேன். அடுத்த சனிக்கிழமை பிற்பகல் இரண்டு மணிக்கு கிராண்ட் பிரேரி விமான நிலையத்தில் இறங்குவேன், வந்து கூட்டிப் போ. ஆடுகள் ஈனும் நாள் இது. குட்டி உள்ளே புரண்டு சிக்கிக்கொண்டால் சின்னக் கையாக வேண்டும் என்று சொல்லி, அம்மா என் கையைத்தான் சோப்புப் போட்டுக் கழுவிவிடுவாள். நாற்பது வருடம் ஆகிறது. எப்படி என்று மறந்திருப்பேன், நீ பக்கத்தில் நின்று சொல். என் கை இன்னும் சின்னதுதான்.

அக்கா